படக் கசற்றை எறியுங்கள், கலியாணக் கசற்றை எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடுகளில் பழைய வீடியோ கசற்றுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள், ஏலத்தில் பெரிய விலை போகிறது என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த குறிப்பைப் படித்தேன். நான் மட்டுமல்ல, ஊரே படித்திருக்கிறது போல. கசற்றிலிருந்து கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையை நான் கொஞ்சக் காலமாகச் செய்துவருவதால், மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியிலும் கல்லாற்றிலும் உள்ள தெரிந்தவர்கள், தங்கள் அலுமாரியில் கிடக்கும் பழைய தமிழ்ப் படக் கசற்றுகள் என்ன விலை போகும் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். ஒரு சதத்துக்கும் போகாது.

நீங்கள் எழுதிய அந்த விலை பொய்யில்லை. 2022 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு ஆங்கிலப் படத்தின் கசற் 75,000 டொலருக்கு ஏலம் போனது. ஆனால் அது 1986 இல் வந்து, மேலே சுற்றிய பிளாஸ்ரிக் உறைகூடப் பிரிக்கப்படாமல், ஒருதரமும் ஓடாமல் இருந்தது, அதுவும் அந்தப் படத்தில் நடித்தவர் ஒருவரே வைத்திருந்த கசற். எங்கள் வாடகைக் கடைகளில் ஓடியதோ கொப்பிக்குக் கொப்பி எடுத்தது, கடைக்காரரின் பெயர் படத்தின் நடுவில் ஓடும், சண்டைக் காட்சி வரும் இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கோடு விழுந்திருக்கும். அந்தப் படங்களில் பெரும்பாலானவை இன்று தெளிவாகக் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆகவே படக் கசற்றை வைத்திருக்க ஆசையாக இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் எறியுங்கள், எனக்குக் கவலையில்லை. எனக்குக் கவலை அதற்குப் பக்கத்தில், ஒட்டிய கடதாசி உரிந்துபோய் என்ன கசற் என்றே தெரியாமல் கிடக்கிறதே, அதைப் பற்றித்தான்.

இளையவர்களுக்காக இரண்டு வரி. பீற்றாமக்ஸ் என்ற வீடியோக் கசற் வகை 1975 இலும் வீ.எச்.எஸ் என்ற வகை 1976 இலும் ஜப்பானில் வந்தன. இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாகினி தொடங்கியது 1982 இல். அந்தக் காலத்தில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது ரீவியையும் கசற் போட்டுப் பார்க்கும் டெக்கையும் கொண்டுவந்தார்கள், வாவிக்கு மேற்கே கரண்ட் இல்லாத படுவான்கரை ஊர்களில் ஜெனரேற்றர் வைத்து விடியவிடிய மூன்று படம் போட்டார்கள், அதையெல்லாம் எழுதப்போனால் உங்கள் பக்கம் காணாது. பிறகு மலிவான வீசிடி வந்தது, டீவீடி வந்தது, வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாகப் போட்டோக்கொப்பிக் கடையாகவும் போன் கடையாகவும் மாறின. டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் கையை விரித்துவிட்டது. அதற்கு முந்திய வருடம்கூட அவர்கள் உலகம் முழுக்க ஏழரை இலட்சம் விற்றிருந்தார்கள், ஆனால் உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்றார்கள். செய்கிறவனுக்கே பாகம் கிடைக்கவில்லை என்றால் மட்டக்களப்பில் திருத்துகிறவனுக்கு எங்கே கிடைக்கும்?

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களை நம் ஆட்கள் பைத்தியம் என்று சிரிக்கிறார்கள், நானும் முதலில் சிரித்தவன்தான், ஆனால் அவர்களில் சிலர் செய்ததைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மரியன் ஸ்ரோக்ஸ் என்றொரு பெண், முன்பு நூலகராக வேலை செய்தவர், 1979 இலிருந்து 2012 இல் இறக்கும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிந்துகொண்டே இருந்தார். ஒரே நேரத்தில் பல டெக்குகள் ஓடுமாம், கசற் முடிகிற நேரத்துக்குச் சாப்பாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார்களாம். சுமார் 70,000 கசற்றுகள். ஒளிபரப்பிய நிலையங்களே பலதை வைத்திருக்கவில்லை, இந்த அம்மா வைத்திருந்தார், இப்போது இணைய ஆவணக் காப்பகம் ஒன்றிடம் அவை இருக்கின்றன. யேல் பல்கலைக்கழக நூலகம் 2015 இல் ஏறக்குறைய 2,700 கசற்றுகளை வாங்கியது, பெரும்பாலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த மலிவான பேய்ப் படங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஏன் பேய்ப் படம் என்றால், அவற்றில் கன படங்கள் கசற்றில் மட்டும்தான் இருக்கின்றன, டீவீடியாகக்கூட வரவில்லை.

‘கசற்றில் மட்டும்தான் இருக்கின்றன’ என்ற இந்தக் கணக்கை எங்கள் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். எங்களிடம் கசற்றில் மட்டும் இருப்பவை எவை? கலியாண வீடு. சாமத்தியச் சடங்கு. கோயில் திருவிழா, தீமிதிப்பு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. கூத்து அரங்கேற்றம். அப்புறம் செத்தவீடு. கனடாவிலும் சுவிஸிலும் இருந்து வரமுடியாத பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக எடுத்த செத்தவீட்டுக் கசற் எத்தனை வீட்டில் இருக்கிறது! யாரும் வெளியில் சொல்வதில்லை, திரும்பப் போட்டுப் பார்ப்பதுமில்லை, ஆனால் எறிவதுமில்லை. இவற்றுக்கு ஏலமும் இல்லை, விலையும் இல்லை. மற்றப் பிரதி எங்கும் இல்லை என்பதுதான் விஷயம்.

கலியாணக் கசற்றில் எல்லோரும் திட்டித் தீர்த்தது பந்தியைத்தான். ஞாபகம் இருக்கும். தோளில் பெரிய கமரா ஒருவர், பின்னால் வயர் இழுத்துக்கொண்டு கண்ணைக் குருடாக்குகிற லைட்டைப் பிடித்தபடி இன்னொருவர், சாப்பிடுகிற வரிசை வரிசையாக ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டு போவார்கள், பெண்கள் சேலைத் தலைப்பால் மூடுவார்கள், வயதானவர்கள் சோற்றுக் கையோடு விறைத்துப்போய் இருப்பார்கள், பின்னால் ஏதாவது சினிமாப் பாட்டு ஓடும். தாலி கட்டுவது ஐந்து நிமிசம், பந்தி அரை மணித்தியாலம். இன்று என்னிடம் கசற் கொண்டு வருகிறவர்கள் தாலி கட்டுவதைப் பார்ப்பதில்லை. பந்தியைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். தாலி கட்டியவர்களின் படம் அல்பத்தில் இருக்கிறது, பந்தியில் இருந்தவர்களின் படம் எங்கேயும் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இது இன்னும் கூடிவிட்டது. நாவலடி, கல்லடி, பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது, திருக்கோவில் என்று கடலோரம் முழுக்க வீட்டோடு அல்பமும் போனது. அம்மாவின் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிச்சம் என்று இருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மா வேறு ஊரில் யாரோ உறவுக்காரரின் கலியாண வீட்டில் பந்தியில் இருந்திருப்பார், ஆராத்தி எடுத்திருப்பார், வாசலில் நின்று சந்தனம் கொடுத்திருப்பார். அந்தக் கசற் செங்கலடியிலோ வாழைச்சேனையிலோ கடல் வராத ஒரு வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கு அது தங்கள் கலியாணக் கசற், இப்போது பிள்ளைகளே கலியாணம் முடித்துவிட்டார்கள், இனி எதற்கு என்று எடைக்குப் போடுகிறார்கள். அதற்குள் வேறு யாருடைய அம்மா நடந்து திரிகிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவேதான் கேட்கிறேன், எறிய முன்னர் ஒருதரம் யோசியுங்கள், சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யுத்த காலத்தில் சோதனைக்கு வருவார்கள் என்று பயந்து நாங்களாகவே எரித்ததும் புதைத்ததும் கொஞ்சமா? மிஞ்சியது கொஞ்சம்தான்.

கூத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகையான மட்டக்களப்புக் கூத்தைப் பற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள், பேராசிரியர் மௌனகுரு போன்றவர்கள் ஆயுளையே அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஊர்களில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆடிய கூத்துகளை ஊர் வீடியோக்காரர் எடுத்த கசற்றுகளை யாரும் கணக்கெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் போய்விடுவார், கொப்பியில் பாட்டு இருக்கும், ஆனால் பாத்திரம் களரிக்கு வரும் வரவுக்கு அவர் எப்படிக் காலை எடுத்து வைத்தார், மத்தளத்தில் எந்த இடத்தில் தட்டி ஆட்டக்காரரைத் திருப்பினார் என்பது எழுத்தில் வராது. கசற்றில் இருக்கிறது, அதுவும் அரைகுறையாக. ஏனென்றால் கூத்து விடியும்வரை, ஈ-180 கசற் மூன்று மணித்தியாலம். காசு மிச்சம் பிடிக்க வரவையும் போர்க்களத்தையும் மட்டும் எடுத்தவர்கள் உண்டு. ஒரே கசற்றில் இரண்டு மடங்கு நேரம் அடக்க, நாடா ஓடும் வேகத்தைப் பாதியாக்கும் எல்.பி முறையில் கொப்பி பண்ணியவர்களும் உண்டு. இந்த எல்.பி கசற்றுகள்தான் எனக்குப் பெரிய தலையிடி, பதிந்த டெக்கில் ஒழுங்காக ஓடும், வேறு டெக்கில் போட்டால் கோடு கோடாக அடிக்கும், பதிந்த டெக்கோ எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும்.

சரி, கசற் எத்தனை காலம் தாங்கும்? பிளாஸ்ரிக் நாடா, அதன்மேல் காந்தத் தூள், தூளை ஒட்டிவைத்திருக்கும் பசை, அவ்வளவுதான் கசற். குளிரான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பல பத்தாண்டு இருக்கும். எங்களிடம் இரண்டும் இல்லை. ஒருபக்கம் கடல், ஒருபக்கம் வாவி, மார்கழியில் சுவரே வியர்க்கிறது. பசை ஈரத்தை உறிஞ்சி இளகும், நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015 இலேயே எச்சரித்தது, 2025 க்குள் மாற்றாத நாடாக்களில் பெரும்பகுதி இனிக் கிடைக்காமல் போய்விடும் என்று. அவர்கள் சொன்னது குளிரூட்டிய அறையில் வைத்திருக்கும் நாடாக்களைப் பற்றியும்தான். நாடா கெடுவது ஒன்று, போடுவதற்கு மெசினும் தெரிந்த ஆளும் இல்லாமல் போவது மற்றது. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் முந்தும். பெரும்பாலான கசற்றுகளில் படம் இன்னும் இருக்கிறது, டெக்கில்தான் றப்பர் இறுகிவிட்டது, பெல்ற் தளர்ந்துவிட்டது.

நீங்கள் இடம் தருவீர்கள் என்று நம்பிச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆசையில் அவசரப்பட்டுக் கெடுப்பவர்கள்தான் அதிகம். அலுமாரியிலிருந்து எடுத்த கசற்றை நேரே டெக்கில் போடாதீர்கள். கசற்றின் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள், சுற்றியிருக்கும் நாடாவின் மேல் வெள்ளையோ சாம்பலோ தூள் தெரிந்தால் அது பூஞ்சணம். அதைப் போட்டால் தூள் முழுக்க, நாடாவிலிருந்து படத்தை வாசிக்கும் டெக்கின் ஹெட்டில் ஏறும். ஹெட் இருக்கும் உருளை எங்கள் நாட்டு ரீவி முறையில் நிமிசத்துக்கு 1,500 தரம் சுற்றுகிறது, நாடா அதைச் சுற்றி வளைந்து போகிறது, அந்த வேகத்தில் ஒரு துணிக்கை போதும் நாடாவைக் கீறுவதற்கு. அப்புறம் நீங்கள் போடும் அடுத்த கசற்றுக்கும் அதே பூஞ்சணம் தொற்றும். பூஞ்சணக் கசற்றைத் தனியாகப் பையில் போட்டு வையுங்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்லதாகத் தெரிகிற கசற் என்றால், பின்பக்கத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் துண்டை முதலில் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவதைத் தடுக்கும். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள், சீமெந்துத் தரையில் அடுக்காதீர்கள்.

கனடாவிலிருந்து வந்த கசற் போட்டால் படம் உருள்கிறது, நிறமில்லை, கெட்டுப்போச்சு என்று எறிகிறார்கள். கெடவில்லை. அங்கே என்.ரி.எஸ்.சி என்ற ரீவி முறை, இங்கே பால் (PAL) என்ற முறை, எங்கள் பழைய டெக்குகளில் பலதுக்கு அது விளங்காது. இரண்டு முறையும் ஓட்டும் டெக்கில் போட்டால் அழகாக வரும். இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் சுவிஸிலும் இருந்து வந்ததற்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இன்னொன்று, இதுதான் மனதைப் புண்படுத்துவது. இருபது வருடத்துக்கு முன்னர் பலர் கலியாணக் கசற்றைக் கடையில் கொடுத்து டீவீடியாக மாற்றினார்கள். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தோம், பெயர் வேண்டாம், மூன்று மணித்தியாலக் கசற்றை ஒன்றரை மணித்தியாலமாக வெட்டி, இடையில் பூ விழுகிற, இதயம் பறக்கிற அலங்காரம் எல்லாம் போட்டு, பந்தி முழுவதையும் எடுத்துவிட்டுத் தந்தார்கள். கசற் எங்கே என்று கேட்டால், இனி எதற்கு, எறிந்துவிட்டோம் என்றார்கள். அந்த டீவீடியும் இப்போது பாதியில் நிற்கிறது. வீட்டில் எழுதும் டீவீடியில் இருப்பது சாயப் பூச்சு, வெயிலும் சூடும் அதற்கு ஆகாது, எங்கள் காலநிலையில் கசற்றைவிடச் சீக்கிரமாகவே சில செத்துவிடுகின்றன. ஆகவே மாற்றக் கொடுக்கிறவர்கள் வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், முழுவதையும் அப்படியே கோப்பாகத் தரச் சொல்லுங்கள், பென்ரைவிலும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் இரண்டு இடத்தில் வையுங்கள், கசற்றைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள். மூன்று மணித்தியாலக் கசற்றை மாற்ற மூன்று மணித்தியாலம் ஓடத்தான் வேண்டும், அரை மணித்தியாலத்தில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

வயல்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அம்பாறைப் பக்கம் கதிர் வரும் பருவத்து வயலில் குருவி விரட்டக் கசற் நாடாவைத்தான் இழுத்துக் கட்டுகிறார்கள், வெயிலில் மினுங்கும், காற்றில் உறுமும், குருவி வராது. ஒரு ஈ-180 கசற்றில் 258 மீற்றர் நாடா இருக்கிறது, வரம்பைச் சுற்றி வரக் காணும். கெட்டித்தனமான வேலை, நான் குறை சொல்லவில்லை. படக் கசற்றைக் கட்டுங்கள், தாராளமாக. கட்ட முன்னர் பேர் ஒட்டாத கசற்றை மட்டும் ஒதுக்கி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். வாடகைக் கடைக் கசற்றில் படத்தின் பெயரும் இலக்கமும் ஒட்டியிருக்கும். ஒன்றும் எழுதாமல் இருப்பது அல்லது பேனையால் ‘சின்னக்கா’ என்று மட்டும் எழுதியிருப்பது படமல்ல.

சேர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது எங்கள் பக்கத்திலும் சில இளைஞர்கள் பழைய கசற் வாங்கி யூடியூப்பில் போடத் தொடங்கியிருக்கிறார்கள். கோயில் திருவிழா, கூத்து, கல்லடிப் பாலத்துப் பழைய காட்சி எல்லாம் போடுங்கள், புண்ணியம். ஆனால் ஒரு வீட்டுச் சாமத்தியச் சடங்கை அந்த வீட்டாரைக் கேட்காமல் உலகத்துக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக வெட்கப்பட்டு இருந்தவர் இன்று எங்கேயோ அதிபராக இருப்பார். எடைக் கடையில் வாங்கியதால் கசற் உங்களுடையதாகலாம், முகம் உங்களுடையதல்ல. முதலில் வீட்டைத் தேடிப் பிடியுங்கள், எங்கள் ஊரில் அது ஒன்றும் கஷ்டமில்லை, ஒரு தேத்தண்ணிக் கடையில் கேட்டால் மூன்று தலைமுறை சொல்வார்கள்.

இது தனி ஆட்களால் முடிகிற வேலையும் அல்ல. 2005 இலிருந்து நூலகம் நிறுவனம் எங்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் மின்வருடி வைத்ததுபோலக் கசற்றுக்கும் கிழக்கில் ஓர் இடம் வேண்டும். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மட்டக்களப்பில் பொது நூலகம் இருக்கிறது. கோடிக் கணக்கில் கட்டடம் கேட்கவில்லை. நல்ல நிலையில் இரண்டு டெக், ஒன்று இரண்டு முறையும் ஓட்டக்கூடியது, ஒரு கணினி, காற்றைக் காயவைக்க ஓர் இயந்திரம், சம்பளத்துக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க இன்னும் உயிரோடு இருக்கும் பழைய டெக் திருத்துநர் ஒருவர். இந்தத் திருத்துநர்கள் எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. முதலில் இவர்களைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள், குழு அமைப்பதையும் திறப்பு விழாவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வீட்டில் ஓடாத டெக் வைத்திருப்பவர்கள் பழைய இரும்புக்காரரின் மணிச் சத்தம் கேட்டவுடன் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஓடாத இரண்டு டெக்கில் ஓடுகிற ஒன்று செய்யலாம், சேகரிப்பாளர்கள் உலகம் முழுக்க இப்போது அப்படித்தான் சமாளிக்கிறார்கள். கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் மேல் மூடியின் ஆணிகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். எனக்கு வந்த செத்த டெக்குகளில் பலவற்றில் கடைசியாகப் போட்ட கசற் உள்ளேயே சிக்கிக் கிடந்தது, அது அநேகமாகப் படக் கசற்றாக இருக்கவில்லை.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்